பத்தடி தூரத்தில் எத்தனை விரல்?

2001-க்கும் 2011-க்கும் நடுவே தமிழ்நாட்டில் எட்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் பேருக்குப் பார்வை திரும்பிவிட்டது. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. 2001-இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 9,64,063 பேர். 2011-இல் 1,27,405 பேர். அதே பத்து வருடத்தில் காது கேளாதவர்கள் 72,636-இலிருந்து 2,20,241 ஆகிவிட்டார்கள். மாநிலத்தின் சனத்தொகை ஆறேகால் கோடியிலிருந்து ஏழு கோடியே இருபது லட்சத்துக்கு ஏறியபோது, மாற்றுத்திறனாளிகளின் மொத்தத் தொகை மட்டும் 16,42,497-இலிருந்து 11,79,963-க்கு இறங்கியது.

இப்படி ஓர் அதிசயம் நடந்திருந்தால் டீக்கடையிலாவது யாராவது பேசியிருப்பார்கள். கண்புரை அறுவை சிகிச்சை அந்த வருடங்களில் நிறைய நடந்தது உண்மைதான். மதுரை அரவிந்த் மருத்துவமனை முகாம் போடாத மூலை தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் எட்டு லட்சம் பேரை அதில் அடக்க முடியாது. மாறியது படிவத்தில் இருந்த கேள்வியும் அதற்குக் கொடுத்த விளக்கமும்தான். அந்த இரண்டு படிவங்களையும் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. நான் போன வீடுகள் கொல்லிமலையில்.

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு நாடுகள். இன்று ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். வெளியூர்க்காரர்கள் கேரளத்து ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், இவர்கள் பேசுவது தமிழ். வீடுகள் ஒரு தெருவாக இருக்காது. பத்து வீடு ஒரு மேட்டில், எட்டு வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். கணக்கெடுப்பு நடப்பது பிப்ரவரியில், அதாவது மிளகு பறிக்கிற காலத்தில். நடமாட்டம் உள்ளவர்கள் எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பது கிழவிகளும் குழந்தைகளும், காட்டுக்குப் போக முடியாதவர்களும். யாரைப் பற்றி இந்தக் கேள்வி கேட்கிறதோ அவர்களே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

2001 படிவத்தில் இது பதினைந்தாவது கேள்வி. பார்வை, பேச்சு, கேட்டல், இயக்கம், மனம் என்று ஐந்து வகை, ஐந்து எண். ஒருவருக்கு இரண்டு குறை இருந்தாலும் ஒன்றைத்தான் எழுதலாம். எதை எழுதுவது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். பார்வைக்கான விளக்கம் மிகவும் அகலமானது. கண்ணாடி போட்டும் மங்கலாகத் தெரிந்தால் எண் 1. ஒரு கண் மட்டும் நன்றாகத் தெரிந்தாலும் எண் 1. மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று பரிசோதிக்கவே வாய்ப்பில்லை என்றாலும் எண் 1. இந்தக் கடைசி வரியில்தான் முழு மலையும் நுழைந்துவிட்டது. கண்ணாடிக்கடை என்பதே அன்று இங்கே கிடையாது, கீழே இறங்கினால்தான் உண்டு.

திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் கண் எப்படி என்று கேட்டேன். "மங்கலாத்தான் தாயி. பொம்பள வந்து நிக்கறான்னு தெரியுது, யாருன்னு தெரியல" என்றார். கண்ணாடி போட்டுப் பார்த்ததுண்டா என்ற கேள்விக்குச் சிரிப்புத்தான் பதில். விதிப்படி எண் 1 எழுதினேன். பக்கத்து வீட்டில், சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியபோது கிளை குத்தி இடது கண் போனவர். மற்ற கண் கழுகுக் கண். இன்றைக்கும் மரம் ஏறுகிறவர். அவருக்கும் எண் 1.

2011-இல் அதே வீடுகள். கேள்வி ஒன்பதாவது இடத்துக்கு முன்னேறியிருந்தது. ஐந்து வகை எட்டாகியிருந்தது: பார்வை, கேட்டல், பேச்சு, இயக்கம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மனநோய், இதர வகை, பல குறைகள் சேர்ந்தது. ஒன்றுக்கு மேல் இருந்தால் மூன்று வரை எழுத இடம். நல்ல முன்னேற்றம்தான், மறுக்க மாட்டேன். ஒரு கண் மட்டும் இல்லாதவர் கணக்கில் வர மாட்டார் என்று விளக்கம் மாறியது. பார்வைக்கு ஓர் எளிய சோதனையும் வந்தது: நல்ல பகல் வெளிச்சத்தில் பத்தடி தூரத்திலிருந்து கைவிரலை எண்ண முடிகிறதா?

ஆயா அதே திண்ணையில் இருந்தார். பத்து வயது கூடியிருந்தது, கண் இன்னும் மங்கியிருந்தது. களத்தில் பத்தடி தள்ளி நின்று கையைத் தூக்கினேன். "மூணு. இப்ப நாலு. என்னத்துக்கு டீச்சர் இந்த வெளையாட்டு?" என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். பரிசோதனைக்கு வாய்ப்பில்லாதவர்களைச் சேர்க்கும் வரி 2011 கையேட்டிலும் இருந்தது. ஆனால் விரல் சோதனை என்று ஒன்று கைக்கு வந்த பிறகு களத்தில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. ஆயா கணக்கில் வரவில்லை. மிளகு பறிக்கிறவரும் வரவில்லை. இப்படி எத்தனை திண்ணை, எத்தனை களம் என்று மாநிலம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள். எட்டு லட்சம் எங்கே போனது என்று புரியும்.

காதுக்கு நேர்மாறு. 2001-இல் காது மெஷின் போட்டால் கேட்கிறவர் குறையுள்ளவர் அல்லர். 2011-இல் மெஷின் போட்டவரும் கணக்கில் உண்டு. மலையில் மெஷின் போட்டவர் அரிது, பாட்டரி வாங்கவே நாமக்கல் போக வேண்டும். சமவெளியில் அப்படியில்லை. 2001-இல் ஒருவருக்கு ஒரு எண்தான் என்பதால், கண்ணும் காதும் மங்கிய முதியவர்கள் பலர் கண்ணைச் சொல்லிவிட்டுக் காதை விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும் நாடு முழுக்கவும் இதே கதைதான். பார்வைக் குறைபாடு 1.06 கோடியிலிருந்து 50 லட்சமாகப் பாதியானது, கேட்டல் குறைபாடு 12.6 லட்சத்திலிருந்து 50.7 லட்சமாக நான்கு மடங்கானது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2001 கணக்கெடுப்புக்கு அடுத்த வருடமே, 2002 ஜூலை முதல் டிசம்பர் வரை, தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் தன் 58-ஆவது சுற்றில் இதே விஷயத்தை அளந்தது. அவர்களிடம் மூன்று மீட்டர் விரல் சோதனை அப்போதே இருந்தது. கணக்கெடுப்பில் 1.06 கோடியாக இருந்த பார்வைக் குறைபாடு இந்த ஆய்வில் 28 லட்சம்தான். கணக்கெடுப்பில் 61 லட்சமாக இருந்த இயக்கக் குறைபாடு ஆய்வில் 1.06 கோடி. அந்த 1.06 கோடி முதல் கணக்கில் கண்ணில் இருந்தது, இரண்டாவது கணக்கில் காலுக்கு இறங்கிவிட்டது! ஒரே நாடு, ஒன்றரை வருட இடைவெளி, இரண்டும் அரசாங்கத்தின் கணக்கு. இந்தத் தொகைகளை வைத்துத்தான் எத்தனை மூன்று சக்கர வண்டி, எத்தனை பிரெயில் புத்தகம் என்று திட்டம் போடுகிறார்கள்.

இந்த எண்ணும் வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் 1872 முதல் 1931 வரை கணக்கெடுப்பில் நான்கு வகையினரை எண்ணினார்கள்: புத்தி பேதலித்தவர், பிறவிச் செவிட்டு ஊமை, இரு கண்ணும் இல்லாதவர், குஷ்டரோகி. 1941-இல் அதை விட்டுவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெகுகாலம் கேள்வியே இல்லை. 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்பதால் அந்த வருடம் மட்டும் முழுக் குருடு, முழு முடம், முழு ஊமை என்று கேட்டு, இந்தியா முழுவதற்கும் சுமார் 11 லட்சம் பேர் என்று முடித்தார்கள். 1991-இல் மறுபடியும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் போராடிய பிறகுதான் 2001-இல் கேள்வி திரும்பி வந்தது.

விளக்கம் அகலமா குறுகலா என்பது பாதிப் பிரச்சினைதான். கேட்கும் விதம் மீதிப் பாதி. படிவத்தில் உள்ள கேள்வியின் சாரம் இது: இந்த நபர் உடலாலோ மனதாலோ ஊனமுற்றவரா? ஆம் அல்லது இல்லை. இதை யாரிடம் கேட்கிறோம்? பெரும்பாலும் குடும்பத் தலைவரிடம். எங்கே? வாசலில், நான்கு பேர் சுற்றி நிற்கும்போது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில், உள்ளே இருக்கும் தம்பிக்கு வலிப்பு வருகிறது என்று யார் சொல்வார்கள்? கால் வளைந்த பையன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான், அவனை எழுதிவிடலாம். கண்ணுக்குத் தெரியாததை எழுத அவர்களே சொல்ல வேண்டும்.

வயதானவர்கள் இன்னொரு விதம். கம்பு ஊன்றி நடக்கும் தாத்தாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபித்துக்கொள்வார். "எனக்கென்ன ஊனம்? வயசாச்சு, முட்டி பிடிச்சுக்குது, அவ்வளவுதானுங்க" என்பார். ரேஷன் கடைக்கு அவரால் இறங்க முடியாமல் போய் வருடக்கணக்காகியிருக்கும். ஆனால் படிவத்தில் அவர் முழு ஆரோக்கியசாலி.

தமிழ்நாடு 2001-இல் வித்தியாசமாக நின்ற ஓர் இடம் உண்டு. நாட்டிலேயே மாற்றுத்திறனாளிகளில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்று வந்த ஒரே மாநிலம் அது. மற்ற மாநிலங்களில் பெண்களுக்குக் குறை குறைவு என்று நான் நம்பவில்லை. அங்கே பெண்ணைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை அல்லது கேட்க ஆள் இல்லை. மங்கிய கண்களுக்கு எண் 1 கொடுத்த அந்த அகன்ற விளக்கம் இங்கே திண்ணைக் கிழவிகளைக் கணக்கில் கொண்டுவந்தது. அந்த வகையில் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம்கூட உண்டு.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்தது. எந்த இரண்டு நாட்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் ஒரு குழு அமைந்தது. பல நாடுகளின் புள்ளிவிவர அலுவலகங்கள் அதில் உறுப்பினர்கள். முதல் கூட்டம் 2002-இல் வாஷிங்டனில் நடந்ததால் வாஷிங்டன் குழு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் கொடுத்தது ஆறே கேள்விகள். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காது மெஷின் வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா? நடப்பதில், படி ஏறுவதில்? நினைவில் வைப்பதில், கவனம் செலுத்துவதில்? உடம்பு முழுக்கக் குளிப்பது, துணி உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில்? வழக்கமாகப் பேசும் மொழியில் பிறருக்குப் புரியவைப்பதில், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில்? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. ஆறில் ஏதாவது ஒன்றில் 'ரொம்பச் சிரமம்' அல்லது 'முடியவே முடியாது' என்று வந்தால் அவர் கணக்கில் சேருவார். ஊனம் என்ற சொல்லை எங்கும் உச்சரிக்கக் கூடாது, டாக்டர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரு நபருக்கு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறு தொண்டு அமைப்பின் ஆய்வுக்காக இந்த ஆறு கேள்விகளோடு மறுபடியும் மேடு ஏறினேன். முதல் வித்தியாசம் உடனே தெரிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பு ஊன்றிய தாத்தாக்கள் முட்டியைத் தடவிக்கொண்டே உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். தன் சிரமத்தைப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் கேள்வி எவ்வளவு பதமாக இருந்தாலும் மலை மலைதான். படி ஏறுவதில் சிரமமா என்று கேட்டால், "எந்தப் படி டீச்சர்?" என்பார்கள். வீட்டு வாசல் தாண்டினால் சரிவு, குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போக ஓடை, ஓடை தாண்டினால் மேடு. சமவெளியில் 'கொஞ்சம் சிரமம்' என்று சொல்லக்கூடிய முட்டி இங்கே 'ரொம்பச் சிரமம்' ஆகிவிடும். அது பொய்யில்லை. உடம்பில் இருக்கும் குறையும் அவர் வாழும் இடமும் சேர்ந்துதான் சிரமம் பிறக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே ஏற்றுக்கொண்ட பார்வை இது. வாஷிங்டன் குழுவின் விரிவான கேள்விப் பட்டியலில் சமதளத்தில் நூறு மீட்டர் நடப்பது பற்றி ஒரு கேள்வி வரும். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் என்று விளக்கமும் இருக்கும். அவ்வளவு நீளச் சமதளத்தைத் தேடிக் கொல்லிமலையில் எங்கே போவது? அந்தக் கேள்வியை எழுதியவர்கள் ஒரு தடவை இந்த மலையில் இருக்கும் செம்மேட்டுக்கு வந்து போயிருக்கலாம்.

பேச்சு பற்றிய கேள்வியும் இப்படித்தான். பிறவியிலேயே காது கேளாத ஓர் இளைஞர். வீட்டுக்குள் கைச்சாடையில் எல்லாம் பேசுவார், அம்மாவோடு சண்டைகூடப் போடுவார். "எங்களுக்கு எல்லாம் புரியும், ஒரு சிரமமும் இல்ல" என்றார் அம்மா. பஸ் கண்டக்டரிடம், ரேஷன் கடையில், சோளக்காடு சந்தையில் அன்னாசிப் பழம் விற்கும்போது என்ன செய்வார் என்பது அந்தப் பதிலில் இல்லை. கேட்டல் கேள்வியில் அவர் எப்படியும் கணக்கில் வந்துவிட்டார் என்பதால் பிழையில்லை. ஆறு கேள்வி இருப்பதன் பலனே அதுதான், ஒன்றில் தவறினால் இன்னொன்றில் மாட்டுவார்கள்.

குளிப்பது, உடுத்துவது பற்றிய கேள்வியை ஆண் ஆய்வாளர்கள் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். பெண்களிடம் பெண் கேட்டால்தான் பதில் வரும். பக்கவாதம் வந்த ஒரு பெரியம்மா, மருமகள் தண்ணீர் எடுக்கப் போகும்வரை காத்திருந்து, "சேலை கட்ட முடியல தாயி, அவதான் கட்டி விடறா. அதான் நைட்டியிலேயே கெடக்கறேன்" என்று ரகசியமாகச் சொன்னார். மகன் சொல்லியிருந்தால் சிரமமே இல்லை என்றுதான் வந்திருக்கும். அவர் பொய் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியாது.

இந்த ஆறிலும் ஓட்டைகள் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் இவற்றில் சிக்கித் தவிப்பவர்களை இது தவறவிடும். விரிவான பட்டியலில்தான் அவற்றுக்குக் கேள்வி இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இது பயன்படாது. எந்த இரண்டு வயதுக் குழந்தைதான் தானாகக் குளித்து உடுத்தும்? அதனால் 2016-இல் யுனிசெஃபோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்று தனிக் கேள்விகள் கொண்டுவந்தார்கள், 2 முதல் 4 வயதுக்கு ஒன்று, 5 முதல் 17 வயதுக்கு ஒன்று. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையை இருபத்தொன்றாக விரித்தது. அதில் தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய்களும் உண்டு. அவற்றை வாசலில் நின்று எந்தக் கேள்வியாலும் கண்டுபிடிக்க முடியாது.

இலங்கை தன் 2012 கணக்கெடுப்பில் இந்த மாதிரியான கேள்விகளைக் கேட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவது ஒரு வேலையில் சிரமம் உண்டு என்றவர்கள் 8.7 சதவீதம், பதினாறு லட்சம் பேர். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், அதற்கு முந்தைய வருடம், தமிழ்நாட்டின் விகிதம் 1.64. அவர்களைவிட நாம் ஐந்து மடங்கு திடமானவர்கள் என்று யாராவது சொன்னால் ராமேஸ்வரத்திலேயே சிரிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் 16 சதவீதம் என்கிறது. 2011 கணக்கெடுப்பு இந்தியாவுக்கு 2.21 என்கிறது. 16 மட்டும்தான் உண்மை என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு விதமாகக் கணக்கிட்டது, மிதமான சிரமங்களையும் தொட்டுக்கொண்டு போவது. வெட்டுக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். ஆனால் கோட்டை எங்கே போட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கணக்கு வேண்டும். ஆம், இல்லை என்று கேட்டால் கோட்டை அந்தந்த வாசலில் யாரோ போட்டுவிடுகிறார்கள்.

எண் கூடினால் அரசுக்குச் செலவு கூடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்கெடுப்பு வேறு, சான்றிதழ் வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சலுகைக்கு டாக்டர்கள் தரும் சதவீதம் வேண்டும், பெரும்பாலான சலுகைகளுக்கு 40-க்குக் குறையக் கூடாது. கணக்கெடுப்பு கேட்பது வேறு கேள்விக்கான விடை: சிரமம் உள்ளவர்கள் மற்றவர்களைப் போலப் பள்ளிக்குப் போனார்களா, வேலைக்குப் போகிறார்களா? தேசிய மாதிரி ஆய்வின் 2018-இல் நடந்த 76-ஆவது சுற்றில் ஏழு வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 52.2 சதவீதம்தான். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையில் இருந்தவர்கள், வேலை தேடியவர்கள் இருவரும் சேர்ந்து 23.8 சதவீதம். கையில் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம்.

பத்தில் ஏழு பேருக்குச் சான்றிதழ் இல்லை. ஏன் என்று கொல்லிமலையில் யாரையும் கேட்கத் தேவையில்லை. சான்றிதழுக்கு மருத்துவக் குழு முன்னால் உட்கார வேண்டும். முகாம் மலைக்கு வந்தால் சரி, இல்லாவிட்டால் நாமக்கல் போக வேண்டும். நடக்க முடியாதவரைப் பஸ் நிற்கும் இடம்வரை தூக்கி வரவே இரண்டு ஆள் வேண்டும். பிறகு எழுபது வளைவு, வழியெல்லாம் வாந்தி. அங்கே போனால் அன்றைக்கு எலும்பு டாக்டர் இருப்பார், காது டாக்டர் இருக்க மாட்டார். இரண்டு ஆளின் கூலியும் வண்டிச் செலவும் சேர்ந்தால் மிளகு விற்ற காசு போய்விடும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் பெரிய விஷயம்தான். அதை வாங்கப் போகும் பாதையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். சான்றிதழ் வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் சாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களைத்தான் எண்ணுகிறோம்.

உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கும் 'உரிமைகள்' திட்டம் மாற்றுத்திறனாளிகளை வீடு தேடிக் கணக்கெடுப்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக வைத்திருப்பது சரியான திசை. தேசிய அளவில் செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் இருந்த மாற்றுத்திறன் கேள்வியை ஆறாவது சுற்றில் எடுத்துவிட்டார்கள். 2018 ஆய்வின் விவரம் போதும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நூறு பக்கக் கேள்வித்தாளில் ஆறு கேள்விக்கு இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. தலையெண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில். கைபேசியில் நாமே பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. கேள்வி எந்த வடிவில் வந்தாலும், வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நிற்கும்போது உள்ளே இருப்பவரை வெளியே கூப்பிடுங்கள். வெளியே வர முடியாதவர் என்றால் டீச்சரை உள்ளே கூட்டிப்போங்கள். பதிலை அவரே சொல்லட்டும், "வயசானா அப்படித்தான்" என்று நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம், கணக்கெடுப்பில் சான்று காட்ட வேண்டியதில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாளே என்றும் தயங்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி, நீங்கள் சொல்லும் விவரத்தை அந்தப் படிவத்துக்கு வெளியே யாரிடமும் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது.